போட்டி இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்

அண்ணாமலையார் எத்தனையோ பிறவிகளைப் படைத்திருக்கிறார். அவற்றில் ஒன்று கண்காணிப்பவர். இரண்டு பெரிய கம்பெனிகள் ஒன்றாகச் சேரும்போது, நடுவில் சின்னவர்கள் நசுங்குவார்களா என்று பார்த்துச் சொல்ல அரசாங்கம் அனுப்புகிறவர். பார்ப்பார். நன்றாகவே பார்ப்பார். நசுங்குகிறவர்களை மட்டும் பார்க்க மாட்டார்.

அடையாளம் வேண்டுமா? திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் காரை விட்டு இறங்கியதும், "இங்க நல்ல காபி எங்க கிடைக்கும்?" என்பார். அடுத்து, "தரிசனத்துக்குக் கூட்டம் ஜாஸ்தியா?" என்பார். மூன்றாவது கேள்விக்குள் ஊருக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் கோழிக்கறி பதப்படுத்தும் கம்பெனிகள் இரண்டு இருந்தன. ஒன்றுக்கு மஞ்சள் வேன், மற்றதற்கு நீல வேன். கொட்டகை வைத்திருப்பவர்களுக்குக் குஞ்சும் தீவனமும் கொடுத்து, வளர்ந்த கோழியை எடுத்துக்கொண்டு, வளர்ப்புக் கூலி தருவார்கள். அப்படிக் கொட்டகை போட்டுப் பிழைக்கிற மணியம்மாளுக்கு இருந்தது ஒரே ஒரு பலம். மஞ்சள் வேனில் நோஞ்சான் குஞ்சு வந்தால், "எடுத்துனு போங்க, நான் நீலக்காரன்கிட்ட போறேன்" என்பார். மறுநாளே நல்ல குஞ்சு வந்துவிடும். இரண்டும் ஒன்றாகப் போகின்றன என்று கேட்டதும் அந்த அம்மா, இனி அந்தப் பேச்சு செல்லுமா என்று வருவோர் போவோரையெல்லாம் கேட்க ஆரம்பித்தார். கேட்க மாட்டாரா?

கண்காணிப்பவர் ஜனங்களின் கருத்தைக் கேட்க வந்தார். எங்கே? கிரிவலப் பாதைக்கு. எப்போது? பௌர்ணமியன்று! கூட்டம் தானாக வரும், அலைய வேண்டாம், கூடவே புண்ணியமும் சேரும் என்று கணக்கு. திருநீறு பூசி, வெறுங்காலோடு, சிவநாமம் சொல்லிக்கொண்டு வந்த அர்ச்சகர் வீட்டுக் கனகாம்பாளை நிறுத்தினார்.

"மாமி, கோழிக்கறி கம்பெனிங்க ரெண்டு ஒண்ணா சேருது. உங்களுக்கு ஏதாவது கஷ்டம் உண்டா?"

"சிவசிவா! கிரிவலத்துல கேக்கற கேள்வியாப்பா இது? எனக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்? தள்ளு!"

ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டார். செங்கம் ரோட்டில், பழம் மட்டுமே தின்று தியானம் செய்கிற ஒரு வெள்ளைக்காரரைக் கேட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அதுவும் ஆட்சேபணை இல்லை.

விஷயம் தெரிந்து மணியம்மாள் ஆட்டோ பிடித்து ஓடிவந்தார்.

"சார், ரெண்டும் ஒண்ணாயிட்டா நான் யார்கிட்ட சார் போறது?"

"கோழி இல்லேன்னா காளான் வளருங்களேம்மா. காளானும் கோழிக்குப் போட்டிதான். சோயா, மீன், முட்டை எல்லாமே போட்டிதான். கம்பெனிங்கதான் பாவம்!"

"கொட்டா போட்டது கோழிக்கு சார்."

"ரெண்டு கலர் வேனும் ஓடத்தான் போகுது. ஏன் பயப்படறீங்க?"

"முதலாளி ஒருத்தன்தானே சார்?"

அவருக்கு அந்த நேரம் பார்த்துத் தரிசன வரிசை ஞாபகம் வந்தது. போய்விட்டார். சன்னிதியில் கண்ணீர் மல்க நின்றாராம். பக்தியில் குறை சொல்ல மாட்டேன்.

அனுமதி கிடைத்தது. வேன்கள் இரண்டு நிறத்திலும் ஓடுகின்றன. அதில் அவர் பொய் சொல்லவில்லை. போன வாரம் தலை தொங்கி, கால் ஊன்றாத குஞ்சுகள் வந்து இறங்கின. மணியம்மாள் வழக்கம்போல, "எடுத்துனு போங்க, நான் நீலக்காரன்கிட்ட..." என்று ஆரம்பித்தார். டிரைவர் பரசுராமன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அக்கா, நாளைக்கு அந்த வேனையும் நான்தான்க்கா ஓட்டினு வருவேன்."

மணியம்மாள் குஞ்சுக் கூடைகளை உள்ளே தூக்கிப் போனார்.

படித்துவிட்டுக் கண்காணிப்பவரைத் திட்டுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் நடுவில் எங்கேயாவது, 'நாம் சைவம், நமக்கு இது எதற்கு?' என்று தோன்றியதா? அல்லது, 'கறி விலை ஏறாவிட்டால் போதும்' என்று? தோன்றியிருந்தால் சொல்லுங்கள். அடுத்த விசாரணைக்கு ஆள் தேடுகிறார்களாம். உங்கள் பெயரைக் கொடுத்துவிடுகிறேன். உங்களைவிடப் பொருத்தமானவர் யார் இருக்கிறார்கள்?