மீற்றர் அண்ணையும் பாதிக் கண்ணாடியும்

ஒஸ்லோவில் குளிரைக்கூட நம்பாத ஒரே தமிழர் மீற்றர் அண்ணைதான். மைனஸ் பன்னிரண்டு என்று செய்தியில் சொன்னால், தன் பால்கனியில் தொங்கும் வெப்பமானியைப் போய்ப் பார்ப்பார். அந்த வெப்பமானி பொய் சொல்கிறதா என்று பார்க்கப் பக்கத்தில் இன்னொன்று தொங்கும்.

அவருடைய சொந்தப் பெயர் அம்மருட் பகுதியில் இருக்கும் எங்கள் அடுக்குமாடியில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால், "ஏன் கேக்கிறீர்?" என்பார். மின்சாரம் அளக்கும் மீற்றர் ஒன்று எந்நேரமும் ஜாக்கெட் பையில் இருக்கும். அதனால் அந்தப் பெயர். கடையில் புதுப் பற்றறி வாங்கினால் விற்ற பெண்ணின் முன்னாலேயே அளந்து பார்ப்பார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். கும்பிடவா என்று ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"அலங்கார லைற் வயரிங்கில எனக்குச் சந்தேகம். அதைப் பாக்கப் போறனான்."

என் மனைவி வதனி ஒரு வருடம் சித்திரையில், நாலாவது தடவையில், லைசன்ஸ் எடுத்தாள். மார்கழியில் ஹவுகெட்டோவில் ஒரு முதியோர் இல்லத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். இரண்டு தடவை பிந்திப் போனாள். இன்னொரு தடவை பிந்தினால் நிரந்தர வேலையை மறந்துவிடலாம் என்று பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

குற்றவாளி எங்கள் பதினெட்டு வயதுக் கார். அதன் முன்கண்ணாடிக்குள் மயிர் போன்ற சூட்டுக் கம்பிகள் ஓடுகின்றன. பொத்தானை அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் பனிக்கட்டி உருக வேண்டும். உருகியது, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும். ஓட்டுபவர் பக்கம் வெள்ளைச் சுவர். அதைச் சுரண்டி முடிக்க இருபது நிமிடம் போய்விடும்.

"ஓடுறது நான், றோட்டைப் பாக்கிறது நீங்களோ?" என்று வதனி என்மேல் பாய்ந்தாள்.

வேறு வழியில்லாமல் ஒரு சனிக்கிழமை காலை மீற்றர் அண்ணையைக் கூட்டி வந்தேன். அவர் காரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லும். கண்ணாடிக்குச் சுடுதண்ணி ஊத்தினனீரோ?"

"இல்லை அண்ணை."

"ஒருக்காலும்?"

"ஒரேயொருக்கா… கொஞ்சம்."

"அதுதானே!" என்று முகம் மலர்ந்து, கண்ணாடியில் வெடிப்புத் தேடினார். ஒன்றும் அகப்படாததில் அவருக்கு மெத்த ஏமாற்றம்.

அடுத்த சந்தேகம் காரை விற்றவர் மேல். "அந்தாளின்ர முழி எப்பிடி?" என்று விசாரித்தார். பிறகு கண்ணாடியின் இரண்டு பாதிக்கும் தனித்தனியாக உள்ள பியூஸ்கள். இரண்டும் நல்லவை என்று மீற்றர் சொல்லியும் நம்பாமல் இடம் மாற்றிப் போட்டார். ரிலேயையும் மாற்றினார். அப்போதும் பக்கத்து இருக்கைக்காரருக்கே விடிந்தது. கடைசியாகக் கண்ணாடிக்குப் போகும் வயரில் மீற்றரை வைத்தார்.

"கரண்ட் வருது. திரும்பிப் போக வழியில்லை. எர்த்தில பிழை."

தன் வயர் ஒன்றை எடுத்து, கண்ணாடியின் எர்த் வயரிலிருந்து பற்றறிக்கு நேராகக் கொடுத்தார். சற்று நேரத்தில் வதனியின் பக்கத்துப் பனி கோடு கோடாக உருகத் தொடங்கியது. அவள் கைதட்டினாள்.

"கை தட்டாதையும் பிள்ளை. இனித்தான் கள்ளனைப் பிடிக்கோணும். இது ஆரோ செய்த வேலை."

வைப்பருக்குக் கீழே இருந்த பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றினார். உள்ளே குளம்போலத் தண்ணீர் தேங்கி உறைந்திருந்தது. அதற்குள், ஓட்டுபவர் பக்கத்து எர்த் வயரைக் காரின் உடம்போடு இணைக்கும் ஆணி துருப்பிடித்துக் கிடந்தது. தண்ணீர் வடிகிற ஓட்டையை ஏதோ அடைத்திருந்தது. கிண்டி எடுத்தார். அழுகிக் கறுத்த செவ்வந்திப் பூக்கள், இரண்டு கை நிறைய.

வதனி இரண்டடி பின்னால் போனாள். "ஐயோ, ஆரோ எங்களுக்குச் செய்வினை செய்திருக்கினம்!"

நானும் எங்கள் மாடியில் இருக்கும் அத்தனை பேரையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்திவிட்டேன். மீற்றர் அண்ணை மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குனிந்தபடி ஆணியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நான்தான்," என்றார்.

"என்னண்ணை?"

"கோயில் பூ. பிள்ளை லைசன்ஸ் எடுத்த கிழமையிலயிருந்து வெள்ளிக்கு வெள்ளி உங்கட காரில வைச்சனான். வெளியில வைச்சா ஆரும் எடுத்துப்போடுவாங்கள் எண்டு உள்ளுக்குத் தள்ளிவிட்டனான்."

"ஏனண்ணை?" என்றாள் வதனி.

"எனக்கு உம்மட ஓட்டத்தில சந்தேகம், பிள்ளை."

வதனி கோபிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போய்த் தேநீர் கொண்டு வந்தாள். அவர் அதை மணந்து பார்த்து, "சீனி போட்டனீரோ?" என்றார்.

திங்கட்கிழமை அவள் ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கவே போய்ச் சேர்ந்தாள். மாசியில் வேலை நிரந்தரமானது.

மீற்றர் அண்ணை இப்போது பேர்கன் நகரில் மகளோடு இருக்கிறார். அங்கே ஓயாத மழை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. எங்கள் கண்ணாடி இரண்டு பக்கமும் பளிச்சென்று இருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் வதனி வைப்பருக்குக் கீழே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுகிறாள். எங்களை அவ்வளவு அக்கறையாகச் சந்தேகப்பட இந்த ஒஸ்லோவில் இப்போது ஒருவரும் இல்லை.