ஒரு சொல்லுக்குப் பதினொரு பேர்

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் பதினொரு சான்றிதழ்களும் பணிப்பாளர் கதிர்காமநாதனின் மேசைக்குப் போயின. பத்தரையாகியும் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. நேசமலர் கதவைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தாள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார்.

“பிள்ளை, மேசன் எண்டால் என்ன?”

நேசமலர் கிளிநொச்சியிலிருந்த அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒன்பது வருடமாக எழுதுவினைஞர். பணிப்பாளரின் கேள்வி எதுவும் கேள்வியோடு நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். சுவர் கட்டுகிற ஆள் என்று நிதானமாகச் சொன்னாள்.

“அது எனக்கும் தெரியும். சொல்லு எங்கயிருந்து வந்தது?”

கதிர்காமநாதன் இருபத்தாறு வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், தமிழ் பெறவில்லை. ‘காச்சல்’ என்று எழுதி விடுமுறை கேட்ட காவலாளியின் கடிதத்தை ‘காய்ச்சல்’ என்று திருத்தித் தரும்படி திருப்பி அனுப்பினார். அது திருந்தி வந்து சேர்ந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது.

நேசமலர் தன் போனில் தேடி வாசித்துச் சொன்னாள். மேசன் ஆங்கிலச் சொல். ஆங்கிலேயர் அதைப் பிரெஞ்சுக்காரரிடம் எடுத்தார்களாம். பிரெஞ்சுக்காரர் எங்கே எடுத்தார்கள் என்பதில் படித்தவர்களுக்குள் இன்னும் ஒரு முடிவு இல்லையாம்.

“எந்த ஊர் எண்டு தெரியாத சொல்லுக்கு நான் கையெழுத்து வைக்கிறதோ? அதோட, இது ஆண்பால். தலைவன், தலைவி. மேசனுக்கு என்ன? மேசியோ?” என்றார். பிறகு ‘மேசி’ என்று தனக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத் தானே தலையை ஆட்டி அதை மறுத்தார்.

விஷயம் இதுதான். அந்த நிலையத்தில் பதினொரு பெண்கள் ஆறு மாதம் கல்வேலை படித்து முடித்திருந்தார்கள். அவர்களில் எட்டுப் பேரின் வீட்டில் உழைக்க வேறு ஆள் இல்லை. முரசுமோட்டையில் கருங்கல் அத்திவாரம் போட்டு ஒரு முன்பள்ளி கட்டப்போகிறார்கள். அதற்கு உதவி செய்கிற நிறுவனத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வெள்ளிக்கிழமை வருவார். நிலையத்தின் பின்வளவில் பெண்கள் பரீட்சைக்காகக் கட்டிய முப்பதடிக் கல்மதிலைப் பார்ப்பார். மதில் நேராக இருந்து, கையில் சான்றிதழும் இருந்தால் வேலை அவர்களுக்கு. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒரு ஒப்பந்தக்காரர் ஆட்களோடு வந்து இறங்கிவிடுவார்.

மதில் நேராக இருந்தது. சான்றிதழில்தான் கோணல் விழுந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே கதிர்காமநாதன் ஒரு சொல் கண்டுபிடித்துவிட்டார். கொத்தனார். அம்மி கொத்துகிறோம், நிலம் கொத்துகிறோம். கல்லைக் கொத்துகிறவர் கொத்தனார். கடலுக்கு அக்கரையில், தமிழ்நாட்டில், இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். கடைசியில் ‘ஆர்’ வருவதால் ஆண், பெண் என்ற சிக்கலும் இல்லை. நேசமலர் புதிதாகப் பதினொன்று அச்சடித்தாள். ‘பயிற்சி பெற்ற பெண் கொத்தனார்களுக்குச் சான்றிதழ் வழங்கல், வெள்ளிக்கிழமை’ என்று வாசலில் அறிவித்தலும் ஒட்டினாள்.

அடுத்த நாள் காலையில் கமக்காரர் சங்கத்திலிருந்து ஒருவர் ரெலிபோன் எடுத்தார். அறிவித்தலைப் பார்த்தாராம். பெண்கள் இந்தத் தொழிலுக்கு வந்தது நல்ல விஷயமாம். சனிக்கிழமை சங்கத்தின் கூட்டத்துக்கு அறுபது பேருக்குச் செய்து தர முடியுமா என்று கேட்டார்.

நேசமலருக்கு அறுபது பேருக்கு என்ன கட்டுவது என்று விளங்கவில்லை. “அவை கல்லில வேலை செய்யிறவை ஐயா” என்றாள்.

“ஓம் மிஸ், கொத்து கல்லிலதானே போடுறது. முட்டைக்கொத்தோ, கோழிக்கொத்தோ, எது நல்லாச் செய்வினம்?”

அவள் இது கொத்துரொட்டிக் கொத்து இல்லை என்று விளக்கினாள். அவர் மனம் நொந்துபோனார். ரொட்டி போடத் தெரியாதவர்களுக்கு ஏன் அப்படிப் பெயர் வைத்தீர்கள் என்று கேட்டார்.  பின்னேரம் முன்பள்ளிப் பெற்றோர் சங்கத் தலைவி ஜெயரூபியே ரெலிபோனில் பேசினாள். மதில் கட்டுகிற பெண்கள் வருவார்கள் என்றல்லவா என் ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன், சமையலுக்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறது என்றாள். குரலில் கோபம் இல்லை. சந்தேகம் இருந்தது. அது கோபத்தைவிட மோசம்.

கதிர்காமநாதன் அறிவித்தலைத் தன் கையாலேயே கிழித்தார்.

புதன்கிழமை அவர் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. “கற்றச்சர்” என்றார். கல்லும் தச்சரும் சேர்ந்தால் கற்றச்சர். பழைய சொல், சுத்தமான சொல், புணர்ச்சி விதியும் பிழைக்கவில்லை. இந்த முறை அலுவலக இயந்திரத்தை நம்பாமல் பட்டணத்து அச்சகத்துக்கு அனுப்பச் சொன்னார். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் நல்ல மனிதர். தவறு ஒன்றைக் கண்டால் கேட்காமலே திருத்தி விடுவார். பதினொரு சான்றிதழ்களும் ‘கற்ற தச்சர்’ என்று வந்தன. அறிவித்தலும் அப்படியே.

நேசமலர் அதைக் கவனிக்காமல் வாசலில் ஒட்டிவிட்டாள். வியாழக்கிழமை காலையில் ஒரு ரக்ரர் பெட்டி நிறைய உடைந்த மேசைகளும் கால் கழன்ற வாங்குகளும் வாசலில் வந்து நின்ற பிறகுதான் கவனித்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்து அதிபர் அனுப்பியிருந்தார். படித்த தச்சர்கள் பதினொரு பேர் இருக்கிறார்களாம், பயிற்சிக்காகத் திருத்தித் தரட்டாம் என்று ஒரு கடிதமும் இருந்தது. ரக்ரர்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, வேறு ஹயர் ஓட்டம் இருக்கிறதென்று எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். பதினொரு மணிக்கு மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது. கல்வேலைக்கு ஒதுக்கிய பயிற்சியில் தச்சர்கள் எப்படி வந்தார்கள் என்று எழுத்தில் விளக்கம் தரச் சொன்னார்கள்.

தங்கக் கரை போட்ட தடித்த தாளில் இனிப் பதினொன்றுதான் மிச்சம். அதிலும் பிழைத்தால் வவுனியாவுக்குப் போய்த்தான் வாங்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் சிவலட்சுமி வந்தாள். பதினொரு பேருக்கும் மூத்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய். மதிலின் கடைசி வரிசைக்குப் பூச்சு முடித்துவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு வந்து நின்றாள். முற்றத்து வாங்குகளைத் தாண்டி வந்தவள் அவை என்னவென்று கேட்கவில்லை. நேசமலரே எல்லாவற்றையும் சொன்னாள்.

சிவலட்சுமி பொறுமையாகக் கேட்டாள். பிறகு பணிப்பாளரைப் பார்த்து, “சேர், எங்களை என்ன எண்டாலும் எழுதுங்கோ. நாளைக்கு அந்த வேலை கிடைச்சால் காணும்” என்றாள்.

 பெயரில்லாத தொழில் நிலைக்காது, அதனால்தான் இந்தப் பாடு என்று சொல்லக் கதிர்காமநாதன் வாயெடுத்தார். அவள் விரல் நுனிகள் சீமெந்து தின்று தோலுரிந்து இருந்ததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். நாளைக்கு விழா, எல்லோரும் நல்ல சாறி கட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அவள் போன பிறகு நேசமலர் ஒரு வழி சொன்னாள். தொழிலின் பெயர் வருகிற இடத்தில் புள்ளிக்கோடு போட்டு அச்சடிப்போம். அவர் இன்றைக்கே கையெழுத்து வைக்கட்டும். சொல் கிடைக்கிற நேரம் பேனாவால் நிரப்பிவிடலாம். கதிர்காமநாதன் தன் வாழ்நாளில் முதல் தடவையாக முற்றுப்பெறாத வாக்கியம் ஒன்றின் கீழ் கையெழுத்து வைத்தார், பதினொரு தரம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. இறங்கிய உத்தியோகத்தர் தெற்கிலிருந்து வந்தவர். மெலிந்த, அமைதியான மனிதர். தமிழ் தெரியாது. நிறுவனத்தின் கடிதங்கள் ஆங்கிலத்தில் வந்ததால் கதிர்காமநாதன் ஆங்கிலத்தில் ஒரு வரவேற்புரை எழுதி வைத்திருந்தார். உத்தியோகத்தரின் மொழியும் தமிழும் தெரிந்த அவருடைய சாரதி பிரதாபன், ஒரு ரயர் காற்றுப் போகிறது, ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்று உடனே ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

உத்தியோகத்தர் வரவேற்புரையை முடியும் வரை கேட்டுப் புன்னகைத்தார். பிறகு மதிலுக்குப் போனார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நீர்மட்டத்தை மேலே வைத்தார். குனிந்து, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் விரலால் தடவினார். முப்பதடியும் நடந்து போய், முப்பதடியும் திரும்பி நடந்து வந்தார். பதினொரு பெண்களும் சாறி கட்டி, பூ வைத்து, ஒரு வரிசையில் நின்றார்கள். சிவலட்சுமி மூச்சு விடுகிறாளா என்று நேசமலருக்குச் சந்தேகமாக இருந்தது.

உத்தியோகத்தரின் முகம் மலர்ந்தது. அவர் கல்லைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் பணிப்பாளரைப் பார்த்துச் சொன்னார்:

“பாஸ் கோ?”

கதிர்காமநாதனின் கண் கலங்கிவிட்டது. “பாஸ்! பரீட்சையில சித்தி எண்டு சொல்லிப்போட்டார். கோ எண்டால், போய் வேலையைத் தொடங்கட்டாம்” என்று பெண்களிடம் மொழிபெயர்த்தார்.

பெண்கள் கைதட்டினார்கள். உத்தியோகத்தர் அவர்களைப் பார்த்தார், அவர்களுக்குப் பின்னால் பார்த்தார், மதிலின் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். பிறகு இன்னொரு தரம், கொஞ்சம் மெதுவாக, “பாஸ் கோ?” என்றார்.

“ரெண்டாந்தரமும் சொல்லுறார்” என்றார் கதிர்காமநாதன். “தாங்க்யூ சேர், தாங்க்யூ.” உத்தியோகத்தரின் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார்.

அந்தச் சந்தோசத்தில் அவர் மனம் இளகிவிட்டது. சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு ஓடி வந்த நேசமலரிடம், ஊரில் எல்லோருக்கும் விளங்குகிற சொல்லையே எழுது என்றார். அவள் மதிலின் மேலேயே தாள்களை வைத்து, புள்ளிக்கோட்டின் மேல் ‘மேசன்’ என்று பதினொரு தரம் எழுதினாள். சிவலட்சுமி தன்னுடையதை வாங்கி, அந்த ஒரு சொல்லை மட்டும் வாசித்துவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். முன்பள்ளிச் சங்கத்தார் ரக்ரரோடு வாசலில் நின்றார்கள். கால்மணி நேரத்துக்குள் பதினொரு பேரும் பெட்டியில் ஏறி, சாந்து பூசுகிற கரணைகளும் தூக்குக்குண்டும் மடியில் கிடக்க, முரசுமோட்டைக்குப் போய்விட்டார்கள்.

முற்றம் வெறிச்சோடியது. உத்தியோகத்தர் மட்டும் தேத்தண்ணியோடு மதிலடியில் ஒரு கால் கழன்ற வாங்கில் பக்குவமாக அமர்ந்திருந்தார். வேலையைக் கொடுக்கிற கடிதத்தை மடியில் விரித்து, பேனாவையும் திறந்து வைத்திருந்தார். கையெழுத்து வைக்கவில்லை. அவ்வப்போது வாசலைப் பார்த்தார். நல்ல மதிலைப் பார்த்த களிப்பில் இருக்கிறார், குழப்பக்கூடாது என்று கதிர்காமநாதன் சொல்லிவிட்டார்.

பதினொன்றரைக்குப் பிரதாபன் ஜீப்போடு வந்தான். மதிலடிக்குப் போய்த் தன் மேலதிகாரியோடு இரண்டு நிமிடம் கதைத்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு அலுவலகத்துக்கு வந்தான்.

“மிஸ், ஐயாவுக்கு மதில் நல்லாப் பிடிச்சிட்டுது. கட்டின ஆளைக் கண்டு கதைச்சுப்போட்டுத்தான் கையெழுத்து வைப்பாராம். வந்த நேரம் தொடக்கம் கேக்கிறாராம், நீங்கள் சாறி கட்டின ஆக்களைக் காட்டிக் கையைத் தட்டுறியளாம், ஆளைக் காட்டுறியள் இல்லையாம். சிங்களத்தில பாஸ் எண்டால் மேசன், கோ எண்டால் எங்கை.”