உதவியவர்: எவருமில்லை

அநியாயம் நடந்தது என் அம்மாவுக்கு. செய்தவர் என் அப்பா, பிரெஞ்சு வாத்தியார். இருபது வருஷமாக அவர் வகுப்புக்குப் பட அட்டை வரைந்து, அடியில் அவர் தரும் பிரெஞ்சுச் சொல்லையும் முத்து முத்தாக எழுதிக் கொடுப்பவள் அம்மா. இப்போது ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் பதவிக்கு மனு எழுதிய மனுஷன், சுத்தமான பிரெஞ்சில், 'பட அட்டைகள்: சொந்தத் தயாரிப்பு. உதவியவர்: எவருமில்லை' என்று எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறார்.

"அப்போ அம்மா யாருப்பா?" என்று சண்டைக்குப் போனேன்.

"கத்தாதேடி. அவளுக்குப் படம்தான் தெரியும், பாஷையா தெரியும்?"

பக்கத்து அறையில் அம்மாவின் தையல் மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடியது. அவ்வளவுதான்.

அந்த வாரமே பயிலரங்கத்துக்குப் போய் ஞானியாகத் திரும்பினார். "படமும் சொல்லும் கண்ணுல பட்டுட்டே இருந்தா பாஷை தானா வந்துடும்! வகுப்புல பிரெஞ்சு மட்டும். புரியலைன்னா நடிச்சுக் காட்டணும். வெள்ளிக்கிழமை தேர்வுக்குழு முன்னாடி மாதிரி வகுப்பு. அதுவரைக்கும் வீட்டுலயும் இதான் சட்டம்."

சட்டத்தின் முதல் பலன்: "என்னங்க, குப்பையைக் கொட்டிட்டு வாங்க" என்று அம்மா சொன்னால் அவருக்குப் புரியாது. தோளைக் குலுக்குவார்.

வியாழன் மாலைதான் அப்பாவுக்கு உறைத்தது. மாதிரி வகுப்பின் பாடம் 'வீட்டு வேலைகள்'. பன்னிரண்டு புது அட்டை வேண்டும். அம்மாவிடம் பிரெஞ்சில் கெஞ்சினார். அம்மா தோளைக் குலுக்கினாள்.

நடித்தார். குனிந்து பெருக்கிக் காட்டினார். அம்மா முகம் மலர்ந்து துடைப்பத்தைக் கையில் கொடுத்தாள். மறுக்கத் தமிழ் வேண்டுமே! பெருக்கினார். பாத்திரம் தேய்த்துக் காட்டினார். தொட்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். துணி மடித்துக் காட்டினார். ஒரு மலையே வந்து இறங்கியது. இப்படியே எட்டு வேலை ஆனதும், கடைசியாகக் காற்றில் படம் வரைந்து காட்டினார். ஜன்னல் துடைக்க ஈரத்துணி கிடைத்தது.

"தத்ரூபமா நடிக்கிறீங்கப்பா!" என்றேன். முறைத்தார். முறைப்புக்கு மொழி தேவையில்லை.

ஒன்பதாவது வேலையில் சட்டம் செத்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"தாயே! அட்டை இல்லாம போனா நாளைக்கு மானமே போயிடும். வரைஞ்சு குடும்மா. உன்னை விட்டா எனக்கு உதவ யாரு இருக்கா?"

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசியைக் குத்தி வைத்தாள். அப்பாவின் மனுவில் இருந்த அதே பிரெஞ்சில், உச்சரிப்பு இம்மியும் பிசகாமல், பதில் சொன்னாள்:

"எவருமில்லை."