'ம்' என்றாள் அம்மா

"ஒண்ணுமே நடக்கல டாக்டர். நல்லாத்தான் இருந்தாங்க. தானா விழுந்துட்டாங்க."

சொல்லி முடித்ததும் மெக்கானிக்குக்குத் தன் வாயை நினைத்தே கூச்சமாக இருந்தது. வாஷிங் மெஷின் ரிப்பேருக்குப் போகிற வீடுகளில் அவன் தினமும் கேட்கிற வசனம்தான் இது. "நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க, தானா நின்னுடுச்சு" என்று குழந்தை மாதிரி முழிப்பார்கள். கழற்றிப் பார்த்தால் உள்ளேயிருந்து சில்லறைக் காசு வரும், கொண்டை ஊசி வரும், ஒரு தடவை முழு பல்செட்டே வந்தது. இன்றைக்கு அவனே அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டான்.

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"அதிர்ச்சியான சேதி ஏதாவது? வீட்டுல சண்டை? மனசு நோகுற மாதிரி யாராவது பேசினாங்களா?"

"சேச்சே! அதெல்லாம் எங்க வீட்டுல கிடையாது டாக்டர்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா படுத்திருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், யாரோ எவரோ என்று பார்த்தாள், மறுபடியும் மூடிக்கொண்டாள். தூக்கத்தில்கூட நாலு வார்த்தை பேசுகிற அம்மா. அந்த வாய் இப்போது மூடிக் கிடந்தது.

நடந்தது இதுதான். காலையில் ஒரு வீட்டில் மெஷினைப் பழுது பார்த்து ஓட விட்டான். போனை அதன் தலைமேலேயே ஸ்பீக்கரில் வைத்து அம்மாவைக் கூப்பிட்டான். அப்பாவைப் பற்றி மாசக்கணக்கில் தொண்டையில் நின்ற விஷயம் அது. மெஷின் கடகடவென்று சுற்றுகிற சத்தம் இருந்தால்தான் அவனுக்குத் தைரியமே வரும். எதிர்ப்பக்கம் எடுத்ததுதான் தாமதம், மூச்சு விடாமல் கொட்டிவிட்டான்.

"அம்மா, நான் முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாத. நீ என்கூட வந்துடு. அவரை ஒரு நல்ல முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம். வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவாங்க, டிவி இருக்கும், பேச்சுத் துணைக்கு ஆள் இருப்பாங்க. அவர்தான் பேசவே மாட்டாரு, அது வேற விஷயம். அந்த மனுஷனோட இத்தனை வருஷம் குப்பை கொட்டி நீ என்ன சுகத்தைக் கண்ட, சொல்லு?"

"ம்."

"கோவத்துல சொல்லலம்மா. அவரும் நானும் ஒரே வீட்டுல இருந்தா வெட்டுக்குத்துதான். உனக்கே தெரியும்."

"ம்."

"அப்ப சரி. நீயே பக்குவமா அவர்கிட்ட எடுத்துச் சொல்லிடு."

"ம்."

ஒரு வார்த்தைக்குப் பத்து வார்த்தை திருப்பிக் கொடுக்கிற அம்மா, வெறும் 'ம்' சொன்னாள். போனை வைத்தபோதே அவனுக்குத் திக்கென்றது. மனசு உடைஞ்சுபோச்சு, அதான் பேச்சே வரலை என்று நினைத்தான். அடுத்த வீட்டுக்கு வண்டியைக் கிளப்பியபோது அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணினார். அம்மா சமையலறையில் விழுந்துவிட்டாளாம்.

ஆக, அம்மாவைக் கொன்றுவிட்டேன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அதை டாக்டரிடம் சொல்லலாம்தான். ஆனால் அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே! அவர் காதில் விழுந்தால்?

அப்பாவுக்கும் அவனுக்கும் பேச்சு நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. ஏன் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சட்டென்று சொல்ல வராது. அன்றிலிருந்து எல்லாம் அம்மா வழியாகத்தான். "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்பார் அவர். "பசிக்கலைன்னு சொல்லு" என்பான் இவன். நடுவில் நின்று அம்மா இரண்டு பக்கமும் கொஞ்சம் சர்க்கரை கலந்து கொடுப்பாள். இப்போது அம்மா உள்ளே, அவர்கள் இரண்டு பேரும் வெளியே. வழி தெரியாமல் அவன் அந்தப் பக்கம் வந்த நர்ஸைப் பிடித்துக்கொண்டான்.

"சிஸ்டர், அவர் ஏதாவது சாப்பிட்டாரான்னு கேளுங்க."

நர்ஸ் பெஞ்சைப் பார்த்தாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அப்பா இருந்தார்.

"ஏன், அவருக்குக் காது கேக்காதா?"

"நல்லாக் கேக்கும்."

"உங்களுக்கு வாய் வராதா?"

நர்ஸ் பெருமூச்சு விட்டாள். "பெரியவரே, சாப்பிட்டீங்களான்னு உங்க பையன் கேக்குறாரு."

"பசிக்கலைன்னு சொல்லும்மா."

"பசிக்கலையாம்."

"ஒரு டீயாவது குடிக்கச் சொல்லுங்க."

"நான் ஊசி போடணும்யா, வழிய விடுங்க! நல்ல குடும்பம்!"

கொஞ்ச நேரத்தில் டாக்டர் மறுபடி வந்தார். "யோசிச்சுப் பாத்தீங்களா? காரணம் தெரிஞ்சா வைத்தியம் சுலபம்."

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் டாக்டர் பார்த்த பார்வையில், மனசுக்குள் இருப்பதெல்லாம் நெற்றியில் எழுதி ஒட்டியிருப்பது போல அவனுக்குத் தோன்றியது. எதையாவது சொல்லி அந்தப் பார்வையைத் திருப்ப வேண்டும்.

"நேத்து வெளியில சாப்பாடு வாங்கினாங்களோ என்னவோ. கெட்டுப்போயிருக்கும் டாக்டர்."

போயிற்று. அம்மாவின் மூக்கு வழியாக ஒரு குழாய் இறங்கியது. அம்மா முனகிய முனகல் கண்ணாடியைத் தாண்டி வந்தது. அவனுக்குப் பொறுக்கவில்லை. டாக்டர் பின்னாலேயே ஓடினான்.

"இல்லைங்க, சாப்பாடு இல்ல. தலையில அடிபட்டிருக்கும். எனக்கு இப்பத்தான் தோணுது."

உடனே அம்மாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஸ்கேன் எடுக்கப் போனார்கள். ஸ்கேன் அறை அடுத்த கட்டடத்தில் இருந்தது. நடுவில் குண்டும் குழியுமான சிமெண்டுப் பாதை. ஒவ்வொரு குழியிலும் அம்மாவின் தலை ஆடியது. அடிபடாத தலைக்கு இப்போதுதான் அடிபடப் போகிறது என்று பதறிக்கொண்டு பின்னாலேயே நடந்தான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"தம்பி, விளையாடுறீங்களா? உங்க வாயிலேருந்து எது வந்தாலும் நான் ஒரு சோதனை எழுத வேண்டியிருக்கு."

"மாத்திரை!" என்றான் மெக்கானிக். "மாத்திரை மாறிப்போயிருக்கும் டாக்டர்!"

"வீட்டுல மாத்திரை எடுத்துக் கொடுக்கிறது யாரு?"

அப்போதுதான் அவனுக்குத் தான் செய்த வேலை புரிந்தது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். டாக்டர் நேராகப் பெஞ்சுக்குப் போனார்.

"ஐயா, நீங்கதான் மாத்திரை கொடுக்கிறீங்களா? அட்டையைப் பாத்துத்தான் கொடுக்குறீங்களா, குத்துமதிப்பாவா?"

அப்பா எழுந்து நின்றார். சட்டைப் பித்தானை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பாத்துத்தாங்க கொடுத்தேன்."

"கண்ணு சரியாத் தெரியுதா?"

"சுமாராத் தெரியுங்க."

"சுமாரா! இதுக்குத்தான் சொல்றது. வயசான ரெண்டு பேரைத் தனியா விட்டா இப்படித்தான்." டாக்டர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "இவரைப் பேசாம ஒரு இல்லத்துல சேர்த்துடுங்க. இப்பல்லாம் நல்ல இல்லங்கள் இருக்கு. வேளாவேளைக்குச் சாப்பாடு போடுறாங்க."

அவன் காலையில் சொன்ன அதே வார்த்தைகள். அப்பாவின் முகத்துக்கு நேராக, வேறொருத்தர் வாயிலிருந்து கேட்டபோது அவனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அப்பா கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தான். அவர் "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிக்கொண்டு இந்த மனுஷன் இப்படி உட்கார்ந்திருக்கிறாரே என்று அவனுக்குத் தாங்கவில்லை.

டாக்டர் அறைக்குப் போய் நின்றான். கதவைச் சாத்தக்கூடத் தோன்றவில்லை.

"டாக்டர், மாத்திரையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எல்லாம் நான் பண்ணினது. காலையில போன்ல அம்மா மனசு உடையுற மாதிரி பேசிட்டேன். அவங்களால பதில்கூடச் சொல்ல முடியல. வெறும் 'ம்', 'ம்'னு மூணு தடவை. அந்த அதிர்ச்சியிலதான் விழுந்துட்டாங்க." சொல்லும்போதே அழுதுவிட்டான்.

டாக்டர் மேஜைமேல் இருந்த தாளை எடுத்துக் காட்டினார். "இப்பத்தான் ரத்த ரிசல்ட் வந்துச்சு. உப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு. கால் வீக்கத்துக்குன்னு எங்கேயோ மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க, அதோட வேலை. உங்கப்பா சரியாத்தான் கொடுத்திருக்காரு, மாத்திரைதான் அவங்களுக்கு ஒத்துக்கல. இது ஒரே நாள்ல வர்றதில்ல தம்பி. நீங்க போன்ல பாட்டுப் பாடியிருந்தாலும் விழுந்திருப்பாங்க. உப்பு ஏத்துறோம், நாளைக்கு நல்லாப் பேசுவாங்க."

மெக்கானிக் தலையாட்டினான். ஆனால் நம்பவில்லை. மெஷினைக் கண்டபடி ஓட்டிக் கெடுத்த பாட்டிகளிடம் அவனும்தான் சொல்வான், "உங்க தப்பு இல்லைங்க, எல்லாம் கரண்ட் கோளாறு" என்று. அழுகிறவர்களிடம் வேறு என்ன சொல்வது? அந்த 'ம்' அவன் காதிலேயே நின்றது. உப்புக் குறைந்ததால் அப்படி ஒரு 'ம்' வருமா?

அதோடு இன்னொரு பயமும் வந்து சேர்ந்தது. நாளைக்கு அம்மா பேசுவாளாம். பேசினால்? 'அவர்கிட்ட எடுத்துச் சொல்லிடு' என்று வேறு சொல்லி வைத்திருக்கிறானே! அம்மா எதை மறந்தாலும் ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் சேர்ப்பதை மறக்க மாட்டாள். அரை மயக்கத்திலேயே ஒப்பித்தாலும் ஒப்பிப்பாள். டாக்டரிடம் இத்தனை திட்டு வாங்கிய மனுஷன் காதில் அதுவும் விழ வேண்டுமா?

உப்புத் தண்ணீர் பாட்டிலோடு போன நர்ஸை அவன் மறித்தான்.

"சிஸ்டர், உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அம்மா கண்ணு முழிச்சா முதல்ல என்னைத்தான் கூப்பிடணும். அவரை உள்ள விடாதீங்க. நான் போன்ல சொன்னது எதையும் அவர்கிட்ட சொல்லிடாதேன்னு அம்மா காலைப் பிடிச்சாவது நான் கேட்டுக்கணும். அவருக்குத் தெரிஞ்சா அப்புறம் நான் அவர் மூஞ்சியில முழிக்க முடியாது."

"இத்தனை நாளா மட்டும் முழிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு நர்ஸ் உள்ளே போனாள்.

அவள் திரும்பி வரும்போது பெஞ்சிலிருந்து அப்பா விரலை உயர்த்திக் கூப்பிட்டார். நர்ஸ் குனிந்து கேட்டாள். அவர் பேசினார், நிறுத்தினார், யோசித்து மறுபடியும் பேசினார். அவர் இத்தனை நேரம் பேசி மெக்கானிக் பார்த்ததே இல்லை. டாக்டர் திட்டியதற்குக் கோபித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறாரோ என்று நினைத்தான். டாக்டரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வைக்கலாமா, இல்லை தானே இரண்டு அடி நடந்து போய்க் கேட்டுவிடலாமா என்று காலைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

நர்ஸ் அலுத்துக்கொண்டே அவனிடம் வந்தாள்.

"ஏங்க, உங்கப்பா சொல்லச் சொன்னாரு. காலையில அம்மா குளிச்சிட்டு இருந்தாங்களாம், போனை எடுத்து 'ம்' சொன்னது அவர்தானாம், அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாதாம், அதனால நீங்க மனசைப் போட்டு அலட்டிக்க வேணாமாம்."