இஸ்லாம் பாடத்துக்குப் பிரக்டிகல் வைத்தவர்

இரசாயனத்துக்குப் பிரக்டிகல் வைத்தவர்கள் உண்டு. மனையியலுக்கு வைத்தவர்களும் உண்டு. இஸ்லாம் பாடத்துக்குப் பிரக்டிகல் வைத்து, பிள்ளைகளோடு சேர்த்து அவர்களுடைய வாப்பாமாரையும் பெயிலாக்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பாடசாலையில் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயரொன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். நான் அதைக் கேட்டதில்லை. பிரக்டிகல் மௌலவி என்றால் கல்முனை பஸ் நிலையத்திலும் ஆளைக் காட்டுவார்கள்.

நான் காரைதீவுக்காரி. கல்முனைப் பக்கம் ஒரு முஸ்லிம் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆசிரியர் கூட்டமொன்றில், ஆய்வுகூடத்துக்குப் புதுச் சாமான்கள் வந்த சந்தோசத்தில் அதிபர் பேசிக்கொண்டிருந்தபோது மௌலவி எழும்பினார்.

"சேர், செடி கொடிய வெட்டிப் பாக்காம விஞ்ஞானம் படிச்சா அது படிப்பில்ல எண்டு சொல்றீங்க. பொறுமைய ஒருக்காவும் செஞ்சி பாக்காத பிள்ளைக்கு நாங்க எப்பிடி சேர் ஏ பாஸ் குடுக்கிற?"

கை கால் கழுவி வுழு எடுத்து, தொழுது காட்டச் சொல்லப்போகிறார் என்று நினைத்து அதிபர் தலையை ஆட்டிவிட்டார். அந்தத் தலையாட்டலுக்காக அவர் பிறகு பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.

அடுத்த நாள் மௌலவி என் ஆய்வுகூட வாசலில் நின்றார்.

"உங்களுக்கு எதுக்கு மௌலவி லேப்?"

"எங்கட ஊர்ல பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் ஓதுற லெப்பை இரிக்காரு டீச்சர். லேப்தான் இன்னும் கிடைக்கல்ல."

சிரித்த வாயோடு சாவியைக் கொடுத்துவிட்டேன்.

முதல் பிரக்டிகல் பொறுமை. தரம் பத்துப் பிள்ளைகள் கழுவித் துடைத்த முகத்தோடு வந்து மேசைகளில் உட்கார்ந்தார்கள். "இப்ப தொடங்கும்" என்று சொல்லிவிட்டு மௌலவி ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு பத்திரிகையை விரித்தார். உள்ளூர்ச் செய்தி, வெளிநாட்டுச் செய்தி, மணமகன் தேவை எல்லாம் வாசித்தார். "சேர், எப்ப தொடங்கும்?" என்று கேட்ட பிள்ளைக்குப் புள்ளி குறைந்தது. பெருமூச்சு விட்ட பிள்ளைக்கும் குறைந்தது. ஒருவன் நித்திரையாகிவிட்டான். அவனுக்குக் கூடிய புள்ளி.

வெளியில் என் வகுப்புப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். பார்த்துக்கொண்டே நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சத்தம் போட்டேன்.

"என்ன மௌலவி இது? எனக்கும் பாடம் இருக்கெல்லோ! லேப் என்ன உங்கட வீட்டு விறாந்தையா?"

அவர் பத்திரிகையை மெதுவாக மடித்தார். "டீச்சர், சாதாரண தரச் சோதினையில உங்கட சைவநெறிப் பாடத்துக்கு என்ன ரிசல்ட்?"

"ஏ!" என்று கத்தினேன்.

அவர் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். வகுப்பே மேசைக்கடியில் குனிந்து சிரித்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் ஊர் அவரை மறந்திருக்கும். இரண்டாவது பிரக்டிகல்தான் ஊரைக் கலக்கியது. பாடம், அயலவர் உரிமை. புள்ளி போடப்போவது தான் இல்லை, ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்து வீட்டார் என்று மௌலவி அறிவித்தார். தன் பழைய மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வந்து தானே கேட்பாராம்.

எங்கள் பக்கத்தில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் வெங்காயம் தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். மதில் பிரச்சினை இல்லாத வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கிழமை அந்தத் தெருக்களுக்கு என்னவோ ஆகிவிட்டது. கட்டாக்காலி ஆடுகளுக்குக் கயிறு கிடைத்தது. வாசலை மறித்து நின்ற ஓட்டோக்கள் விலகின. மதிலுக்கு மேலால் இனிப்பு வட்டிலப்பம் போனது, பதிலுக்கு வேறு வட்டிலப்பம் வந்தது. இரண்டு பக்கத்து வீட்டிலும் தரம் பத்துப் பிள்ளை வாய்க்கப்பெற்ற ஒரு நடுவயதுக் காக்கா, வந்த வட்டிலப்பம் எல்லாம் தின்று சீனி வருத்தம் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஒரு பையனின் வீட்டுக்கு ஒரு பக்கம் ஆட்களை அடக்கும் மையவாடி, மறுபக்கம் கடல். மௌலவி இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். பிறகு முழுப் புள்ளியும் போட்டார். "ஒருத்தரும் முறைப்பாடு செய்யல்லயே" என்றார்.

சிக்கல் சஹ்லா என்ற பிள்ளையின் வீட்டில் வந்தது. வகுப்பில் முதலாம் பிள்ளை அவள். அயலவர் உரிமை பற்றி அவள் எழுதிய விடையை மௌலவியே வேறு வகுப்புகளில் வாசித்துக் காட்டியிருக்கிறார். வாப்பா பிரதான வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஹாஜியார். பக்கத்து வீட்டில் இடியப்பம் அவித்து விற்கும் சுபைதா ராத்தா. மௌலவி கேட்டதும் ராத்தா யோசிக்கவே இல்லை.

"சைபர்."

"பிள்ளை கெட்ட பிள்ளையா?"

"அல்லாஹ்வே, அது தங்கமான புள்ள! ஆனா அவங்கட கூரைப் பீலித் தண்ணி முழுக்க என்ட குசினிக்குள்ளதான் மௌலவி விழுகுது. மாரி வந்தா நான் அடுப்ப தலையில தூக்கி வெச்சிட்டு நிக்கன்."

மௌலவி சைபரைப் போட்டார்.

அடுத்த நாள் காலையில் ஹாஜியார் அதிபரின் அறைக்குள் புகுந்தார். மௌலவியைக் கூப்பிட்டார்கள், சஹ்லாவையும் கூப்பிட்டார்கள். சத்தம் கேட்டு நான் கூப்பிடாமலே போனேன்.

"பீலி வெச்சது நான். மார்க்ஸ் குறையிறது என்ட மகளுக்கா? இது எந்த ஊர் நியாயம்?"

"புத்தகம் உங்கட வீட்ட வந்து சேந்திட்டு ஹாஜியார். பாடம் இன்னும் வரல்ல. அதுக்குத்தான் சைபர் போட்ட நான்."

"வலயக் கல்வி ஒபிஸுக்கு மனு எழுதிப் போட்டுட்டுத்தான் வந்திரிக்கன். உங்கள இந்த ஊர விட்டு மாத்தாம விடமாட்டன்!"

அதிபர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். மௌலவியின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. அவருடைய உம்மா படுக்கையில் கிடந்தா. தூர இடமாற்றம் என்றால் வீடு குலைந்துவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில்தான் மூலையில் அழுதுகொண்டு நின்ற சஹ்லா கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"வாப்பா, எங்கட கடையில பைப் இல்லயா?"

ஊர் முழுக்கப் பைப் விற்கிற மனிதர் ஹாஜியார். வந்த வேகம் எங்கே போனதென்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியேறினார்.

அன்று பின்னேரம் கடைப் பெடியன்கள் இரண்டு பேர் ஏணியோடு வந்து பீலிக்குப் பைப் பூட்டி, தண்ணீரைத் தெருவோர வடிகானுக்கு இறக்கினார்கள். ராத்தா பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மௌலவிக்குப் போன் எடுத்தா. "எழுதிக்கங்க. புள்ளைக்கு முழுசும். வாப்பாக்கு மழை வரட்டும், பாப்பம்."

ஆனால் போட்ட மனு போட்டதுதான். விசாரணைக்கு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். முதல் சாட்சி ஹாஜியார்.

"மனு நான்தான் எழுதின சேர். ஆனா அண்டைக்கு பைப் போடல்ல. இப்ப போட்டுட்டன்."

"பைப்புக்கும் இஸ்லாம் பாடத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அதிகாரி. எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கினோம். அவருக்கு இன்னும் குழம்பியது. கடைசியில் மௌலவியைப் பார்த்தார்.

"பாடத்திட்டத்தில இல்லாத வேலை உங்களுக்கு எதுக்கு?"

"இந்த ஊர்ல யாரக் கேட்டாலும் இஸ்லாத்துக்கு ஏ எடுத்த ஆக்கள்தான் சேர். அப்ப கோட்டில ஏன் இத்தின காணி வழக்குக் கிடக்கு?"

அதிகாரி இருமினார். தண்ணீர் குடித்தார். இடமாற்றம் தேவையில்லை, ஆனால் பிரக்டிகல் இனி கூடவே கூடாது, புத்தகத்தைப் படிப்பித்தால் போதும் என்று தீர்ப்பானது. போகும்போது, "என்ட பக்கத்து வீட்டாரிட்டயும் கேட்பீங்க போல" என்று சிரித்தார்.

"எந்த இடம் எண்டு சொல்லுங்க சேர், பின்னேரமே போறன்."

அதிகாரி ஊரின் பெயரைக் கடைசிவரை சொல்லாமல் ஜீப்பில் ஏறினார்.

மௌலவி சொன்ன சொல் கேட்டார். புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை. கேட்காதது ஊர்தான். அவர் மோட்டார் சைக்கிளில் போனால் பெண்கள் வாசல் கடப்பைத் திறந்துகொண்டு ஓடிவந்து மறித்தார்கள். "ஏன் மௌலவி இந்தத் தவணைக்கு வரல்ல? நான் மார்க்ஸ யோசிச்சி வெச்சிட்டு இரிக்கன்!"

உம்மா மௌத்தாகி, அடக்கமும் முடிந்த பிறகு அவர் தானாகவே விண்ணப்பித்து, சவளக்கடைப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலைக்குப் போய்விட்டார். படிப்பிக்க ஆள் இல்லாத இடம், பாடம் நடக்க வேணும் என்றார். புதிதாக வந்த மௌலவி தங்கமானவர். யாருக்கும் ஒரு கரைச்சலும் கிடையாது. ஆசிரியர் அறையில் எங்களுக்குக் கதைக்கத்தான் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

போன மாதம் அந்தச் சவளக்கடைப் பாடசாலையிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. அங்கே விஞ்ஞானத்துக்கு ஆளில்லை, சனிக்கிழமைகளில் வந்து படிப்பிக்க யாராவது கிடைத்தால் நல்லது என்று. அறுவடைக் காலம், கொதிக்கிற வெயில், வயல் வீதி முழுக்கப் புழுதி. "ஆர் போறீங்க?" என்று அதிபர் கேட்டு வாய் மூடவில்லை, என் கை மேலே நின்றது.