காளான் தந்த துணிச்சல்

ஹார்மனின் பிறந்த நாளுக்கு, ஸ்நேக் நகரத்து வீட்டில் வழக்கம்போல் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஹார்மன். அவனுக்கு இடப்புறம், காபி கூஜா கைக்கெட்டும்படி, மனைவி சீட்ஸ்கே. எதிரே அவள் தம்பி ரின்ஸ. கதவருகே, முதுகுக்குத் தலையணை வைத்து, அவள் பெரியம்மா ஃபோக்யா. ஆளுக்கொரு துண்டு கேக் முடிந்திருந்தது. இரண்டாவது துண்டைக் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

மேசைமேல் கையெழுத்திடாத கடிதம். புவியியல் ஆசிரியரான ஹார்மன், மனச்சோர்வால் கோடையிலிருந்தே பள்ளிக்குப் போகவில்லை. திங்கட்கிழமை வருவதாக இன்றைய தபாலில் எழுதாவிட்டால் அவன் வகுப்புகள் இன்னொருவருக்குப் போய்விடும். கையெழுத்துப் போடத் துணிச்சல் வேண்டும். அது மாத்திரை டப்பாவில் இருந்தது. டப்பா காலி.

மனதை மயக்கும் காளானைப் பொடித்து, மயக்கம் வராத அளவுக்கு ஒரு சிட்டிகை மட்டும் மாத்திரை உறையில் அடைத்து விழுங்குவான். இலையுதிர்காலம் முழுக்கப் பலனில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் மருந்து பிடித்தது. குளிக்கும்போது பாடக்கூடத் தொடங்கினான்.

சீட்ஸ்கே குளிர்பெட்டியிலிருந்து, காளான் பொடி இருந்த பச்சை மூடி ஜாடியை எடுத்து வந்தாள். ஹார்மன் ஒரு மாத்திரை உறையை நிரப்பி விழுங்கினான். காத்திருந்தான்.

"இன்னும் ஏறல" என்று இன்னொன்றையும் போட்டுக்கொண்டான்.

"மச்சான், அளவு மீறினா நாற்காலிகிட்ட குசலம் விசாரிப்பீங்க" என்றான் ரின்ஸ.

அவன் சொன்ன மாத்திரத்தில் சுவர்க்காகிதத்துப் பூக்கள் அசைந்தன. ஹார்மனுக்கு வியர்த்தது. சீட்ஸ்கே டாக்டருக்குப் போன் செய்யப் போனாள். ரின்ஸ கொடுத்த ஆரஞ்சுச் சாறு, ஹார்மனின் கை தவறிக் கடிதத்தின் மேலேயே கொட்டியது. திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

எழுத எழுத வியர்வை நின்றது. பூக்களும் நின்றன. நெஞ்சுக்குள் வெளிச்சம் பரவியது. மாணவர்களைக் கடலோரம் கூட்டிப்போவதாக, யாரும் கேட்காத ஒரு வரியையும் சேர்த்தான். கையெழுத்திட்டு, கடித உறையை ஒட்டி ரின்ஸவிடம் கொடுத்தான்.

"பாத்தியா, ரெண்டாவது போட்டதுதான் சரி" என்றான், டாக்டர் கிடைக்காமல் திரும்பி வந்த மனைவியிடம்.

தெருவுக்கு அந்தப்பக்கம் ரின்ஸ தபால்பெட்டியருகே நின்றான். கடிதம் உள்ளே விழுந்தது.

அதுவரை ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்த ஃபோக்யா வாய் திறந்தாள்.

"இதுல இருந்ததை நான் கிறிஸ்துமஸ் பட்டாணி சூப்புல கொட்டிட்டேனே மாப்ளே. அப்புறம் சாதாக் காளான் பொடி வாங்கி ரொப்பி வச்சேன். அன்னிக்கு எல்லாரும் ரெண்டு தட்டு குடிச்சுட்டு, உப்பு கம்மின்னுதானே சொன்னீங்க?"