பெண் பார்க்கப் போய் ஆம்ப்ளிஃபயரை எரித்த கதை

பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஆண்பிள்ளை பஜ்ஜியைத் தொடலாம், காபி டம்ளரைத் தொடலாம். வேறு எதையும் தொடக் கூடாது. இதை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அப்போது எனக்குத் தெலுங்கு பேசும் ஊரில், மாதாப்பூர் பக்கம் வேலை. படித்தது எலெக்ட்ரானிக்ஸ், செய்தது சாஃப்ட்வேர். (சோல்டரிங் அயர்னைக் கல்லூரி லேபில் தூரத்திலிருந்து தரிசித்ததோடு சரி.) அம்மாவும் நானும் அதே ஊரில் ஏ.எஸ்.ராவ் நகருக்கு நித்யாவைப் பார்க்கப் போனோம். அவள் அப்பா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நித்யா வந்து உட்கார்ந்து, தலையைக் குனியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான், நான் காலி. ஐயோ, இவள் சரியென்று சொல்லவேண்டுமே!

அலமாரியில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு ஆம்ப்ளிஃபயர். அதில் ஏதோ கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. மிருதங்கம் கேட்டதே தவிர, பாடுகிறவரைக் காணோம்.

"பாட்டு எங்கே?" என்றாள் அம்மா.

"ஒரு ஸ்பீக்கர் ரிப்பேர்ங்க. பாட்டு அந்தப் பக்க ஸ்பீக்கர்லதான் வரும்," என்றார் நித்யாவின் அப்பா.

சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"இதென்ன பெரிய விஷயம்! இடது, வலது ரெண்டு அவுட்புட்டையும் ஒண்ணாச் சேர்த்து இந்த ஸ்பீக்கர்ல கொடுத்தா முழுக் கச்சேரியும் வந்துடும். சத்தமும் டபுள்!"

"அவுட்புட்டைச் சேர்க்கக் கூடாதுங்க," என்றாள் நித்யா. "ஒண்ணோட ஒண்ணு மோதி ரெண்டும் போயிடும். சேர்க்கணும்னா உள்ள வர்ற சிக்னலைத்தான் சேர்க்கணும்."

"நான் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவன்ங்க," என்று புன்னகைத்தேன். (அந்தப் புன்னகையை இப்போது நினைத்தாலும் எனக்கே ஓங்கி ஒன்று விடலாம் போலிருக்கிறது.)

அவள் மறுபடி வாயைத் திறந்தாள். "அவர்தான் சொல்றார்ல, பேசாம இருடி," என்று அவள் அம்மா அடக்கினார். பாவம், அப்பாவுக்கு எல்லாம் தெரியும். ஆனால் பெண் பார்க்க வந்த பிள்ளையிடம் "நீ சொல்றது தப்பு" என்று எந்தப் பெண்ணைப் பெற்றவர் சொல்வார்? "பாருங்க தம்பி," என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்துவிட்டு, சொந்தக்காரரை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பியவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு சிவப்பு ஒயரையும் முறுக்கிச் சேர்த்தேன். ஸ்விட்சைப் போட்டேன். பாட்டு வந்தது! பாடியதே நான்தான் என்பதுபோல் எல்லோரையும் பார்த்தேன். அடுத்த வரியில் பாடகருக்குத் தொண்டை கரகரத்தது. அப்புறம் கர்ர்ரென்று ஒரு உறுமல். அப்புறம் புகை.

கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்த அம்மா, "நல்ல சாம்பிராணி," என்றாள்.

நான் பதறிக் கையை நீட்ட, "நக்கோ நக்கோ! வேணாம், தொடாதீங்க, சுடும்," என்று நித்யா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். கருகியதைக் கையிலேந்தி அவள் அப்பா மெதுவாகச் சொன்னார்: "பரவாயில்ல தம்பி. நித்யா வேற செஞ்சுக்குவா. இதுவும் அவ கையால செஞ்சதுதான்."

செஞ்சது அவளா! அவளுக்கா நான் பாடம் எடுத்தேன்? பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அம்மா என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். "உங்க ஏரியால வோல்டேஜ் ஏறிடுச்சு போல."

"இல்லம்மா, நான்தான் எரிச்சேன். அவங்க சொன்னாங்க, நான் கேக்கல," என்றேன்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் அர்ச்சனை. "இனிமே அந்தத் தெருப் பக்கம் போக முடியுமாடா?"

மறுநாள் காலை சம்மதம் என்று போன் வந்தது. அம்மா நம்பாமல் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ஏன் ஒத்துக்கொண்டாய் என்று நித்யாவிடம் பின்னாளில் கேட்டேன். "தப்பிக்க வோல்டேஜ் இருந்தது. நீங்க தப்பிக்கல. முகம் வேற அழுதுடற மாதிரி இருந்தது, பாவமாப் போச்சு," என்றாள்.

கல்யாணத்தில் ஹோமம் வளர்த்தார்கள். மண்டபம் முழுக்கப் புகை. அதுவரை என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மாமனார், தாலி கட்டி முடிந்த தைரியத்தில் சத்தமாகக் கேட்டார்:

"மாப்பிள்ளை எதைத் தொட்டார்?"

அன்று பிடித்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ரொட்டி கருகினாலும், கொசுவர்த்தி ஏற்றினாலும் இதே கேள்விதான். தமிழில் கூப்பிட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் என் மகள், இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சுத்தமான தமிழில் சொல்வாள்.